நூற்றுப் பத்து ஆண்டுகள் காத்திருந்த கிண்ணம்

முதலில் ஒரு செய்முறை. பிர்ரோல் என்ற திரவம் கொஞ்சம், நகப்பூச்சைத் துடைக்கிற அசிட்டோன் கொஞ்சம். இரண்டையும் கலந்து சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட வேண்டும். குடுவை நன்றாகச் சூடாகும். பிறகு வெள்ளையாக ஒரு பொருள் பிரிந்து வரும். வடிகட்டி, கழுவி, மறுபடி கரைத்துப் படிய விட்டால் பளிச்சென்று படிகங்கள். அவ்வளவுதான், வேலை முடிந்தது. வேதியியலில் இதைவிட எளிய சமையல் அதிகம் இல்லை.

இதை முதலில் செய்து பார்த்து எழுதி வைத்தவர் அடால்ஃப் ஃபான் பேயர். ஆண்டு 1886, ஊர் மியூனிக். அவர் கையில் கிடைத்த அந்த வெள்ளைப் பொருள், ஃபுளோரைடு, குளோரைடு போன்ற அயனிகளைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு கிண்ணம் என்று தெரியவந்த ஆண்டு 1996. இடையில் சரியாக 110 ஆண்டுகள்.

அந்தப் பொருள் தொலைந்து போகவில்லை. செய்முறை ரகசியமாகவும் இல்லை. நடுவில் பல பேர் அதைத் தயாரித்தார்கள், கட்டமைப்பைக் கண்டுபிடித்தார்கள், செய்முறையை மேம்படுத்தினார்கள், உலோகங்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஆனாலும் அது என்ன செய்யும் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஏன்? அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்விகளில் இது ஒன்று. இதற்கான பதில் அந்த மூலக்கூறுக்குள் இல்லை, அதைப் பார்த்தவர்களின் மனதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

*

பள்ளிப் பாடத்தைக் கொஞ்சம் தூசி தட்டிக்கொள்வோம். உப்பைத் தண்ணீரில் போட்டால் சோடியம் தனி, குளோரைடு தனி என்று பிரியும். சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்தது. அது நேர் அயனி. குளோரைடு அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்டது. அது எதிர் அயனி. இரண்டும் எப்போதும் சேர்ந்தே வரும். ஒன்றில்லாமல் இன்னொன்றை ஒரு புட்டியில் அடைத்து விற்க முடியாது.

ஆனால் வேதியியலாளர்களின் கவனம் இரண்டுக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. உலோகங்கள் எல்லாம் நேர் அயனிப் பக்கம். தாமிரம், இரும்பு, கோபால்ட், பிளாட்டினம் என்று நிறமும் பணமும் அந்தப் பக்கமே இருந்தன. ஆல்ஃப்ரெட் வெர்னர் 1893இல் உலோகங்களைச் சுற்றி மற்ற மூலக்கூறுகள் எப்படி அடுக்கி உட்காரும் என்று விளக்கியதிலிருந்து அந்தத் துறை ஒரு பெரிய சாம்ராஜ்யமாகவே வளர்ந்தது. அதில் எதிர் அயனிக்குக் கிடைத்த வேடம், மேடையின் ஓரத்தில் நிற்கிற துணை நடிகர். கணக்குச் சமப்பட அது இருக்க வேண்டும், அவ்வளவே. யாரும் அதைக் கண்டுக்கல.

உயிரின் கணக்கு வேறு மாதிரி. டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க பாஸ்பேட், அதாவது எதிர் அயனி. உடலின் அன்றாட ஆற்றல் நாணயமான ஏடிபியும் அப்படியே. நொதிகள் கையாளும் பொருட்களில் ஏறத்தாழ 70 சதவீதம் எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ரத்தத்தில் அதிகம் இருக்கும் எதிர் அயனி குளோரைடு. உயிரணுவின் சுவர் வழியாகக் குளோரைடைக் கடத்தும் ஒரு புரதம் சரியாக வேலை செய்யாவிட்டால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய் வருகிறது. நுரையீரலில் சளி கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். அதற்குக் காரணமான மரபணு 1989இல் கண்டறியப்பட்டது.

ஆக, ஓர் எதிர் அயனியை மட்டும் தேர்ந்து பிடிக்கும் மூலக்கூறை நம் கையால் செய்ய முடியுமா என்ற கேள்வி வெறும் விளையாட்டு அல்ல. இப்படிப் பிடிக்கும் மூலக்கூறுக்கு ஏற்பி என்று பெயர்.

அதைச் செய்வது ஏன் கடினம்? பொட்டாசியம் அயனியையும் ஃபுளோரைடையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பொட்டாசியத்தின் ஆரம் சுமார் 1.38 ஆங்ஸ்ட்ராம், ஃபுளோரைடுக்கு 1.33. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் எதிர் அயனிகளில் இருப்பதிலேயே மிகச் சிறியது ஃபுளோரைடு. குளோரைடு 1.81. சோடியமோ 1.02தான். பொதுவாக எதிர் அயனிகள் பருத்தவை, அதனால் அவற்றின் மின்னேற்றம் பரவி நீர்த்துப்போய் இருக்கும். அடுத்தது வடிவம். நேர் அயனிகளில் பெரும்பாலானவை வெறும் உருண்டைகள். எதிர் அயனிகளில் உருண்டை உண்டு, அசைடு போல நேர்க்கோடு உண்டு, நைட்ரேட் போலத் தட்டை முக்கோணம் உண்டு, சல்பேட் போல நான்முகி உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளவெடுத்துச் சட்டை தைக்க வேண்டும். சூழலில் அமிலம் ஏறினால் பாஸ்பேட் போன்றவை ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு மின்னேற்றத்தையே மாற்றிக்கொள்ளும். தைத்த சட்டை வீண்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை தண்ணீர். தண்ணீர் மூலக்கூறுகள் அயனியைச் சூழ்ந்துகொண்டு விடாது. பொட்டாசியத்தை அந்தப் பிடியிலிருந்து விடுவிக்க மோலுக்குச் சுமார் 295 கிலோஜூல் வேண்டும். அதே அளவுள்ள ஃபுளோரைடுக்கு 465. சல்பேட்டுக்கு ஆயிரத்தைத் தாண்டும். ஏற்பி என்ன கொடுத்தாலும் தண்ணீர் அதைவிட அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறது.

*

1967இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் பெடர்சன் ஒரு கட்டுரை வெளியிட்டார். கொரியாவில் பிறந்தவர். அப்பா நார்வேக்காரர், அம்மா ஜப்பானியர். முனைவர் பட்டம் வாங்காதவர். சில ஆண்டுகளுக்கு முன் வேறொன்றைச் செய்யப் போய், கலப்படத்தின் காரணமாக ஒரு சதவீதம்கூட இல்லாத அளவில் அவருக்கு ஒரு வெள்ளைப் படிகம் கிடைத்திருந்தது. அதைத் தூக்கிப் போடாமல் என்னவென்று பார்த்தார். ஆக்ஸிஜன் அணுக்கள் பதித்த ஒரு வளையம் அது. நடுவில் பொட்டாசியம் பொருந்தி உட்கார்ந்துகொண்டது. மகுடம் போல இருந்ததால் கிரவுன் ஈதர் என்று பெயர் வைத்தார். 1987இல் அவருக்கும் ழான்-மரி லேனுக்கும் டொனால்ட் கிராமுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரு புதிய துறையே பிறந்தது.

அடுத்த ஆண்டே, 1968இல், அதே டூபாண்டைச் சேர்ந்த சுங் ஹோ பார்க்கும் ஹோவர்ட் சிம்மன்ஸும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்களை மூன்று கார்பன் சங்கிலிகளால் இணைத்த ஒரு கூண்டு. அமிலத்தில் போட்டால் நைட்ரஜன்கள் ஆளுக்கொரு ஹைட்ரஜனை வாங்கி நேர்மின்னேற்றம் பெறும். அந்த ஹைட்ரஜன்கள் கூண்டின் உட்புறம் திரும்பும். அப்போது வெளியிலிருக்கும் குளோரைடு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது என்று அவர்கள் கண்டார்கள். 'விழுங்கு' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கேட்டபினாண்ட்' என்று பெயரும் வைத்தார்கள். அழகான பெயர். 1975இல் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது குளோரைடு உள்ளேதான் இருந்தது.

ஒரே நிறுவனம், ஓராண்டு இடைவெளி. ஒன்று நோபல் வரை போனது, மற்றது ஏறத்தாழ உறங்கிப்போனது. பெடர்சனின் மகுடத்தை உலகெங்கும் நூற்றுக்கணக்கான ஆய்வகங்கள் எடுத்துக்கொண்டன. விழுங்கும் கூண்டை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. பொட்டாசியத்தைப் பிடிப்பது என்றால் என்ன பயன் என்று எல்லாருக்கும் புரிந்தது. குளோரைடைப் பிடித்து என்ன செய்யப்போகிறோம்? சந்தையில் வாங்குபவர் இல்லாத கண்டுபிடிப்பு.

ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த லேன் மட்டும் இந்தப் பக்கம் திரும்பினார். 1976இல் எர்ன்ஸ்ட் கிராஃபுடன் சேர்ந்து, பந்து போன்ற ஒரு கூண்டைச் செய்து காட்டினார். நான்கு நைட்ரஜன்கள், நான்கும் மின்னேற்றம் பெற்றவை. உள்ளே குளோரைடு கச்சிதமாகப் பொருந்தும். சற்றே பெரிய புரோமைடு பொருந்தாது. தண்ணீரிலேயே குளோரைடை ஆயிரம் மடங்குக்கு மேல் விரும்பியது அந்தக் கூண்டு. மறு ஆண்டு ஃப்ரான்ஸ் ஷ்மிட்சென் அமிலத்தின் தயவே இல்லாமல் நிரந்தரமாக மின்னேற்றம் கொண்ட கூண்டைச் செய்தார்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே யோசனைதான்: எதிர்மின்னைப் பிடிக்க நேர்மின் வேண்டும். யாருக்கும் முதலில் தோன்றுவதும் அதுவே. ஆனால் நேர்மின்னேற்றம் கொண்ட கூண்டு தனியாக வராது. அதற்கும் துணைக்கு ஓர் எதிர் அயனி கூடவே வரும். அதுவும் இடத்துக்குப் போட்டி போடும். மின்னேற்றம் ஆள் பார்த்துப் பழகாது, எந்த எதிர் அயனியையும் இழுக்கும். நான்கைந்து பேரை ஒரே நேரத்தில் கூப்பிட்டுவிட்டு, ஒருவர் மட்டும் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது மாதிரி.

*

பாதை வேறு பக்கமாகவும் போகும் என்று காட்டியது ஒரு பாக்டீரியா. சால்மொனெல்லாவிடம் சல்பேட்டைப் பிடித்துக் கொண்டுபோகும் ஒரு புரதம் இருக்கிறது. 1985இல் ஃபுளுகிராத்தும் ஃபுளோரன்டே கியோச்சோவும் அதன் கட்டமைப்பை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சல்பேட் இரட்டை மின்னேற்றம் கொண்டது. அதைப் பிடிக்கிற குழியில் நேர்மின்னேற்றம் நிறைய இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கே ஒன்றுகூட இல்லை. தண்ணீரும் இல்லை. வெறும் ஏழு ஹைட்ரஜன் பிணைப்புகள்.

ஹைட்ரஜன் பிணைப்பு என்பது ஒரு மெல்லிய கைகுலுக்கல். நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் லேசாக நேர்மின் தன்மை கொண்டிருக்கும். எதிர் அயனி பக்கத்தில் வந்தால் அது அதை நோக்கிச் சாயும். ஒரு கைகுலுக்கலுக்குப் பெரிய பலம் இல்லை. ஏழு கைகள் சரியான இடத்தில், சரியான கோணத்தில் நின்றால் அது பிடி. மின்னேற்றத்துக்குத் திசை கிடையாது. ஹைட்ரஜன் பிணைப்புக்கு உண்டு. அந்தத் திசைதான் வடிவத்தைப் படிக்கிறது, இது சல்பேட், இது வேறு என்று பிரிக்கிறது. 1990இல் இதே கியோச்சோ பாஸ்பேட் பிடிக்கும் புரதத்தையும் விளக்கினார். அங்கே பன்னிரண்டு பிணைப்புகள். அவற்றில் ஒன்று பாஸ்பேட்டிடம் இருக்கிற ஹைட்ரஜனைத் தான் வாங்கிக்கொள்ளும் வகை. சல்பேட்டிடம் கொடுக்க ஹைட்ரஜன் இல்லை. அதனால் உள்ளே நுழைய அனுமதியும் இல்லை.

சால்மொனெல்லாவின் அந்த ஏழு கைகளில் ஒன்று டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தினுடையது. அதன் ஹைட்ரஜன் உட்கார்ந்திருப்பது ஐந்து முனை கொண்ட ஒரு நைட்ரஜன் வளையத்தில். அந்த வளையத்தின் பெயர் பிர்ரோல். ஆம், பேயர் அசிட்டோனோடு கலந்த அதே பிர்ரோல்தான்.

*

இப்போது பேயரிடம் திரும்பலாம். 1835இல் பெர்லினில் பிறந்தவர். புன்சனிடமும் கெக்குலேவிடமும் படித்தவர். 1875இல் மியூனிக்கில் லீபிக்கின் இடத்துக்கு வந்தவர். நமக்கும் அவருக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு: அவுரிச் செடியிலிருந்து எடுத்த இண்டிகோ சாயத்தை ஆய்வகத்தில் செய்துகாட்டியவர் அவர். 1897இல் ஜெர்மானியத் தொழிற்சாலைச் சாயம் சந்தைக்கு வந்ததும் இந்திய அவுரிச் சாகுபடி சரிந்தது. 1905இல் பேயருக்கு நோபல்.

சாயத்துக்காக இவ்வளவு பொறுமை காட்டிய இதே மனிதர் வேறொன்றைக் கைவிட்டார். 1872இல் பீனாலையும் ஆல்டிஹைடுகளையும் கலந்து பார்த்தார். பிசின் போல ஏதோ ஒன்று வந்தது. படிகமாகவில்லை, கரையவில்லை. விட்டுவிட்டார். முப்பத்தைந்து ஆண்டு கழித்து அதே பிசினை வைத்து லியோ பேக்லாண்ட் பேக்கலைட் செய்தார், பிளாஸ்டிக் யுகம் தொடங்கியது. பிற்பாடு அந்தப் பிசினுக்குள் கிண்ண வடிவ வளையங்கள் இருப்பதும் தெரியவந்தது. அவற்றுக்கு 1978இல் டேவிட் குட்ஷே கேலிக்ஸரீன் என்று பெயர் வைத்தார். ஒரு வகை கிரேக்கக் கிண்ணத்தின் பெயர் அது.

பிர்ரோல் விஷயத்தில் பேயருக்குப் படிகம் கிடைத்தது, ஆனால் அதன் உள்வடிவம் தெரியவில்லை. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படவே இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. 1916இல் ரஷ்யாவைச் சேர்ந்த செலின்ட்சேவும் டிரோனோவும் சரியான விடையைச் சொன்னார்கள்: நான்கு பிர்ரோல்கள், நான்கு அசிட்டோன்கள், நான்கு தண்ணீர் மூலக்கூறுகள் கழன்று போக, மாறி மாறிக் கோத்த ஒரு வளையம். நான்கு பிர்ரோல்களிலும் ஒவ்வொரு ஹைட்ரஜன் நைட்ரஜனோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. நான்கு கைகள்.

இனிமேல்தான் கதை சுவாரசியமாகிறது. இருபதாம் நூற்றாண்டில் பிர்ரோல் வளையம் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஒன்றுதான்: போர்ஃபிரின். ரத்தத்தின் சிவப்பும் இலையின் பச்சையும் அந்தக் குடும்பம். நான்கு பிர்ரோல்களைக் கார்பன்களால் கோத்து, பிறகு ஆக்ஸிஜனேற்றம் செய்தால் போர்ஃபிரின் வரும். பேயரின் வளையமும் நான்கு பிர்ரோல்கள் கொண்டதே. ஆனால் அசிட்டோன் வழியாக வந்ததால் ஒவ்வொரு இணைப்புக் கார்பனிலும் இரண்டு மெத்தில்கள் ஒட்டியிருக்கின்றன. ஆக்ஸிஜனேற்றத்துக்கு வழியில்லை. அது ஒருநாளும் போர்ஃபிரின் ஆகாது. நிறமில்லை, தட்டையாக இல்லை, உலோகத்தை எளிதில் வாங்காது. போர்ஃபிரின்காரர்களின் பார்வையில் அது தேர்வில் தோற்ற பிள்ளை. 1955இல் ரோத்தமுண்டும் கேஜும் செய்முறையை நன்றாக்கிக் கொடுத்தார்கள். அப்புறமும் யாரும் அதைத் தேடிப் போகவில்லை.

1990களின் தொடக்கத்தில் லோசானில் கார்லோ ஃபுளோரியானி அந்த வளையத்தை எடுத்து உலோகங்களோடு அருமையான வேதியியல் செய்தார். அதற்கு அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? நைட்ரஜன்களில் இருந்த நான்கு ஹைட்ரஜன்களையும் வலுவான காரத்தால் கழற்றிவிட்டார். உலோகம் உட்காரணும்னா அந்த இடம் காலியாகணும். அவர் தேடியதற்கு அது சரியான வழிதான். ஆனால் கழற்றப்பட்ட நான்கும் எதிர் அயனியைப் பிடிக்கும் அந்த நான்கு கைகள்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். நேர் அயனி வேண்டும் என்று போகிறவருக்கு அந்த மூலக்கூறு நான்கு தடைகளாகத் தெரிகிறது. எதிர் அயனி வேண்டும் என்று போகிறவருக்கு அதே நான்கும் நான்கு விரல்கள். மூலக்கூறு மாறவே இல்லை.

*

கேள்வியை மாற்றியவர்கள் டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் இருந்தார்கள். ஜொனதன் செஸ்லர் லேனின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவர். இளம் வயதில் ஹாட்ஜ்கின் புற்றுநோய் வந்து மீண்டவர். தனக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் ரிச்சர்ட் மில்லரோடு சேர்ந்து, பெரிய பிர்ரோல் வளையங்களைப் புற்றுநோய் மருந்தாக்க ஒரு நிறுவனத்தையே தொடங்கியவர். அந்த வளையங்களில் ஒன்று சஃபைரின். ஐந்து பிர்ரோல்கள் கொண்டது. வைட்டமின் பி12 ஆராய்ச்சியின்போது ராபர்ட் வுட்வர்டின் குழுவுக்கு 1960களில் தற்செயலாகக் கிடைத்தது, நீல நிறத்தால் பெயர் பெற்றது.

செஸ்லர் குழு அந்த சஃபைரினின் ஓர் உப்பைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் பார்த்தது. அவர்கள் எதிர்பார்த்த துணை அயனி ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட், பெரிய உருண்டை. ஆனால் வளையத்தின் நடு மையத்தில் சின்னதாக ஏதோ உட்கார்ந்திருந்தது. ஃபுளோரைடு. 1990இல் இது வெளியானது. பிர்ரோலின் ஹைட்ரஜன்கள் எதிர் அயனியை விரும்புகின்றன என்பதற்குக் கண்கூடான சாட்சி. ஆனால் சஃபைரினுக்கு அமிலத்தின் உதவி வேண்டும், மின்னேற்றம் வேண்டும். தயாரிப்பும் நீளம்.

மின்னேற்றம் இல்லாத, எளிதில் செய்யக்கூடிய பிர்ரோல் வளையம் ஏதாவது இருக்கிறதா? இருந்தது. 1886இலிருந்து இருந்தது.

1996இல் ஃபிலிப் கேல், செஸ்லர், விளாடிமிர் கிரால், வின்சென்ட் லிஞ்ச் நால்வரும் அமெரிக்க வேதியியல் கழக இதழில் வெளியிட்ட கட்டுரை பேயரின் பொருளைப் 'பழையது, ஆனாலும் புதியது' என்ற பொருளில் தலைப்பிலேயே அறிமுகப்படுத்தியது. குட்ஷேயின் கிண்ணங்களை ஒட்டி அதற்குக் கேலிக்ஸ்[4]பிர்ரோல் என்ற பெயரும் நிலைத்தது. பேயர் கைவிட்ட பிசினின் பெயர், பேயர் புரிந்துகொள்ளாத படிகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போது நான்கு பிர்ரோல்களும் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாறி மாறித் திரும்பியிருக்கும். அப்போது அது கிண்ணமே இல்லை. ஃபுளோரைடோ குளோரைடோ வந்ததும் நான்கும் ஒரே பக்கம் திரும்பும். நான்கு ஹைட்ரஜன்களும் அயனியைப் பார்த்து நீளும். பின்புறம் வளையம் கிண்ணமாகக் குவியும். அயனி வந்தால்தான் கிண்ணம் உண்டாகும் என்பதே இதன் அழகு.

டைகுளோரோமீத்தேன் கரைப்பானில் அளந்தபோது ஃபுளோரைடுக்கான பிணைப்பு மாறிலி 17,000க்கு மேல் வந்தது. குளோரைடுக்கு 350 சுமார். புரோமைடுக்குப் பத்து. ஒரு சிறிய, மின்னேற்றமில்லாத, ஒரே படியில் செய்கிற வளையம் இப்படித் தரம் பிரிக்கிறது. லேனின் கூண்டுக்கு எத்தனையோ படிகள் தேவைப்பட்டன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேயர் பயன்படுத்தியது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதாவது அந்த வளையம் உலகில் முதன்முதலாக உண்டானபோதே அதே குடுவைக்குள் குளோரைடு சுற்றிலும் இருந்தது. கண்ணெதிரே இருந்தும் பார்க்க முடியாததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்காக பேயரைக் குறை சொல்லவும் முடியாது. கரைசலில் உப்புகள் அயனிகளாகப் பிரிந்திருக்கும் என்ற கருத்தை அர்ரேனியஸ் முன்வைத்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஹைட்ரஜன் பிணைப்பு என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. கேள்வியைக் கேட்கத் தேவையான சொற்கள் அவர் காலத்து வேதியியலில் இல்லை. 1968க்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. சொற்கள் இருந்தன, விழுங்கும் கூண்டும் இருந்தது. யாரும் அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை.

*

1996க்குப் பிறகு நடந்தவை வேகமானவை. 2005இல் அந்தக் கிண்ணத்தின் மறுபக்கத்துக்கும் வேலை இருக்கிறது என்று தெரிந்தது. குளோரைடை ஒருபக்கம் நான்கு கைகளும் பிடித்திருக்கும்போது, குவிந்த கிண்ணத்துக்குள் சீசியம் நேர் அயனி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜோடியாகவே பிடிக்கிறது. 2008இல் கேலும் செஸ்லரும் மற்றவர்களும் இந்தக் கிண்ணம் சீசியம் குளோரைடைக் கொழுப்புச் சவ்வின் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் கடத்துவதைக் காட்டினார்கள். உயிரணுவின் சுவர் இத்தகைய சவ்வால் ஆனது. குளோரைடுக் கடத்தல் கெட்டுப்போன நோயாளிகளை நினைத்துக்கொண்டால் இதன் அர்த்தம் புரியும்.

ஆனால் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். 2014இல் கொரியாவின் இன்ஜே ஷின், கேல், செஸ்லர் குழுக்கள் மேம்படுத்திய கிண்ணங்களை உயிரணுக்களில் விட்டுப் பார்த்தன. குளோரைடு உள்ளே போனது, கூடவே சோடியமும். உயிரணுக்கள் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டன. புற்றுநோய் அணு என்றால் அது நல்ல செய்தி. நுரையீரல் அணு என்றால் கெட்ட செய்தி. ஒரே பிடி, எந்த அணுவுக்குள் என்பதைப் பொறுத்து மருந்தாகவும் விஷமாகவும் ஆகிறது. அதைத் தீர்மானிக்கும் வழி இன்னும் முழுமையாகக் கையில் வரவில்லை.

இன்னொரு பக்கம், தண்ணீர். ஃபுளோரைடு என்றதும் நம்மூர் வாசகருக்கு முதலில் ஞாபகம் வருவது ஆழ்துளைக் கிணறு. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதுகு வளைந்து, மூட்டு இறுகிப்போன கிராமத்து மக்களுக்குக் காரணம் குடிநீரில் உள்ள ஃபுளோரைடு என்று 1937இல் ஷார்ட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் எழுதினார்கள். இந்தியாவில் இது முதலில் பதிவானது அங்கேதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழுப்பேறிய பற்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அங்கே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியென்றால் ஃபுளோரைடைப் பிடிக்கும் பேயரின் கிண்ணத்தைக் கிணற்றில் போட்டால் என்ன? வேலை செய்யாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அந்த அளவில் ஒரு ஃபுளோரைடுக்கு ஏறத்தாழ ஏழு லட்சம் தண்ணீர் மூலக்கூறுகள். ஏழு லட்சம் பேர் சூழ்ந்து நிற்க, நான்கு விரல்களால் ஒருவரை இழுப்பதென்றால் நடக்கிற காரியமா? 17,000 என்ற அந்த எண் தண்ணீர் இல்லாத கரைப்பானில் கிடைத்தது. 2019இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் அமர் ஃப்ளட் குழு குளோரைடை ஒன்றுக்குப் பின் பதினேழு பூஜ்யம் அளவில் பிடிக்கும் கூண்டைச் செய்து அசத்தியது. அதுவும் டைகுளோரோமீத்தேனில்தான். கிராமத்தில் இன்றும் உதவுவது படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறையும், அலுமினா வடிகட்டியும், தூரத்திலிருந்து வரும் ஆற்று நீரும்.

தண்ணீருக்குள்ளேயே பிடிக்கும் ஏற்பிகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஜெர்மனியில் ஸ்டெஃபான் குபிக் இரண்டு பெப்டைடு வளையங்களைச் சிப்பி மாதிரி மூடவைத்து, தண்ணீர் கலந்த கரைப்பானில் சல்பேட்டைப் பிடித்தார். செக் நாட்டின் விளாடிமிர் ஷிண்டெலார் மூங்கில் தண்டு போன்ற வளையங்களைச் செய்து அவற்றுக்கு பாம்பஸ்யூரில் என்றே பெயர் வைத்தார். சால்மொனெல்லா செய்ததை இவர்கள் செய்யப் பார்க்கிறார்கள்: தண்ணீர் நுழையாத ஒரு குழி, அதற்குள் சரியான இடத்தில் கைகள்.

கடைசியாக ஒரு சம்பவம். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் ராடு குஸ்டெல்சியன் குழு, தண்ணீரிலிருந்து சல்பேட் போன்ற எதிர் அயனிகளைப் பிரிக்க குவானிடின் வகை மூலக்கூறு ஒன்றைச் செய்திருந்தது. அதன் கரைசலைத் திறந்து வைத்திருந்தபோது தாமாகவே படிகங்கள் முளைத்தன. உள்ளே இருந்தது கார்பனேட். காற்றிலிருந்த கரியமில வாயு கரைந்து, எதிர் அயனியாகி, ஏற்பியோடு சேர்ந்து படிந்துவிட்டது. மிதமாகச் சூடாக்கினால் வாயு வெளியேறும், ஏற்பி திரும்பக் கிடைக்கும். அவர்கள் அதைச் சல்பேட் வேலையில் வந்த இடைஞ்சல் என்று கொட்டிவிடவில்லை. காற்றிலிருந்து கரியமிலத்தைப் பிடிக்கும் முறையாக 2017இல் வெளியிட்டார்கள்.

இது பேயரைவிடக் கூர்மையான கண் என்று நான் நினைக்கவில்லை. எதிர் அயனி என்பது தேடத் தகுந்த பொருள் என்று இடைப்பட்ட காலத்தில் ஒரு துறையே கற்றுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பார்க், சிம்மன்ஸ், லேன், கியோச்சோ, செஸ்லர், கேல் என்று ஒவ்வொருவரும் அந்தப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்கள். படிகத்தைப் பார்த்ததும் 'உள்ளே என்ன அயனி?' என்று கேட்பது அவர்களால் பழக்கமானது.

உங்களில் வேதியியல் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு யோசனை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியல் இதழ்களில் பேயர் எழுதியதைப் போன்ற சின்னச் சின்னக் குறிப்புகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. 'வெள்ளைப் படிகம், இன்ன வெப்பத்தில் உருகும்' என்பதோடு முடிந்துவிட்டவை. பெரும்பாலானவை உண்மையிலேயே வெறும் வெள்ளைப் படிகங்களாகத்தான் இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து, எழுதியவர் காலத்தில் இல்லாத ஒரு கேள்வியை அதனிடம் கேட்டுப் பார்க்கலாம். பிர்ரோலும் அசிட்டோனும் இன்றும் கடையில் கிடைக்கின்றன.